அலக்நந்தா பள்ளத்தாக்கின் வெள்ளங்கள்: எல்லாமே ‘மேகவெடிப்பு’தானா?

இமயமலையில் ஏதாவதொரு ஊரை ஆறு அடித்துச் சென்றால், அன்று மாலைச் செய்தியிலேயே ‘மேகவெடிப்பு’ என்ற காரணம் வந்துவிடுகிறது. மறுநாள் ‘பனிப்பாறை உடைந்தது’ என்கிறார்கள். அதற்கும் மறுநாள் நீர்மின் திட்டங்கள்தான் காரணம் என்று விவாதம் கிளம்புகிறது. 2025 ஆகஸ்ட் 5 அன்று பாகீரதிப் பள்ளத்தாக்கிலுள்ள தராலி ஊரைக் கீர் கங்கா ஓடையின் சகதி மூடியபோதும் இதே வரிசையில்தான் செய்திகள் வந்தன. ஆனால் அன்று அப்பகுதியின் வானிலை நிலையங்களில் பதிவான மழை, மேகவெடிப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

இந்தக் குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள ஒரே ஒரு பள்ளத்தாக்கின் வரலாற்றை நிதானமாகப் பார்ப்பது நல்ல வழி. உத்தராகண்டின் அலக்நந்தா அதற்கு மிகவும் ஏற்றது. 1894, 1970, 2013, 2021 ஆகிய ஆண்டுகளில் அங்கு நான்கு பெருவெள்ளங்கள் வந்தன. நான்கும் நான்கு வேறு விதங்களில் உருவானவை. அவற்றுள் அளவில் மிகப் பெரிய ஒன்றில் இறந்தவர்கள் ஐந்தே பேர். மிகச் சிறிய ஏரியொன்று உடைந்து கலந்த வெள்ளத்தில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். நீரின் அளவும் சாவின் அளவும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பது ஏன் என்பதே இந்த வரலாற்றின் மையக் கேள்வி.

பள்ளத்தாக்கின் அமைப்பு

சதோபந்த், பகீரத் கரக் என்னும் பனியாறுகளின் அடியிலிருந்து அலக்நந்தா புறப்படுகிறது. பத்ரிநாத்தைக் கடந்த பிறகு விஷ்ணுபிரயாகையில் தௌலிகங்கா, நந்தபிரயாகையில் நந்தாகினி, கர்ணபிரயாகையில் பிண்டர், ருத்ரபிரயாகையில் மந்தாகினி என ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு, தேவபிரயாகையில் பாகீரதியுடன் கலந்து கங்கை என்ற பெயரைப் பெறுகிறது. பத்ரிநாத்தைத் திருவதரி என்றும் தேவபிரயாகையைக் கண்டமென்னும் கடிநகர் என்றும் சொல்லும் தமிழ் வைணவ மரபினருக்கு இந்த வழி புதிதல்ல.

ஏறத்தாழ 190 கி.மீ. தொலைவுக்குள் இந்த ஆறு 3,000 மீட்டருக்கும் மேல் கீழிறங்குகிறது. இவ்வளவு செங்குத்தாக இறங்கும் நீர் பெரும் பாறைகளையும் உருட்டிச் செல்லும் வலு பெறுகிறது. இமயமலையின் பெரும் நிலப்பிளவுகளுள் ஒன்று ஹேலங் என்னுமிடத்தில் இந்த ஆற்றைக் குறுக்கே வெட்டிச் செல்வதால், அதைச் சுற்றிய பாறைகள் நொறுங்கிய நிலையில் இருக்கின்றன. 1803-இலும் 1999-இலும் வந்த பெரிய நிலநடுக்கங்கள் அவற்றை மேலும் தளர்த்தின.

இதற்கும் மேலாகப் பள்ளத்தாக்கின் அகலம் இருக்கிறது. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆற்றில் வினாடிக்கு 5,000 கன மீட்டர் நீர், வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொண்டால், அந்த நீருக்கு 1,000 சதுர மீட்டர் குறுக்குவெட்டுப் பரப்பு தேவை. ஆறு 500 மீட்டர் அகலத்துக்குப் பரந்தால் ஆழம் 2 மீட்டர். இடுப்புக்கும் தலைக்கும் மேலான நீர், ஆனால் மாடிக்கு ஏறினால் தப்பிக்கலாம். அதே நீர் 50 மீட்டர் அகலமுள்ள இடுக்கில் நுழைந்தால் ஆழம் 20 மீட்டர், அதாவது ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம். உண்மையில் வேகமும் மாறும் என்பதால் கணக்கு இவ்வளவு நேராக வராது. ஆயினும் சமவெளியில் ‘ஆறு பெருகுவது’ வேறு, மலையிடுக்கில் ‘ஆறு எழுவது’ வேறு என்பதை இது காட்டிவிடும்.

ஒரே பெயர், வெவ்வேறு நிகழ்வுகள்

மேகவெடிப்பு என்பதற்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: சுமார் 20 முதல் 30 சதுர கி.மீ. பரப்புள்ள சிறிய பகுதியில், ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. அல்லது அதற்கு மேல் மழை கொட்ட வேண்டும். பெயரில் வெடிப்பு இருந்தாலும் மேகம் எதுவும் வெடிப்பதில்லை. ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி விரைவாக மேலெழுந்து குளிர்ந்து, தாங்கியிருந்த நீரைக் குறுகிய நேரத்தில் கொட்டுவதே நடக்கிறது. அந்தச் சிறிய பரப்பில் மழைமானி இல்லையென்றால் நடந்தது மேகவெடிப்பா என்பதை உறுதிசெய்யவே முடியாது. உயரமான மலைப்பகுதிகளில் பெரும்பாலும் மழைமானி இருப்பதில்லை.

மலைப் பள்ளத்தாக்கில் பெருவெள்ளம் உருவாகும் முக்கிய வழிகள் இவை:

1. நேரடி மழை வெள்ளம். மேகவெடிப்பாலோ, நாள் கணக்கில் நீளும் பரவலான கனமழையாலோ வருவது.

2. சரிவு அணை உடைப்பு. மலைச்சரிவு ஆற்றின் குறுக்கே விழுந்து தானாகவே அணையாகிறது. பின்னால் ஏரி நிரம்புகிறது. பிறகு அது உடைகிறது. இத்தகைய அணைகளில் மிகப் பெரும்பாலானவை ஓராண்டுக்குள்ளும், கணிசமானவை சில நாட்களுக்குள்ளும் உடைந்துவிடும்.

3. பனியாற்று ஏரி உடைப்பு. பனியாறு தள்ளிக்கொண்டு வந்து குவித்த கல்லும் மண்ணும் கலந்த மேட்டுக்கு மொரெய்ன் என்று பெயர். அந்த மேட்டுக்குப் பின்னால் தேங்கிய நீர், மேட்டை அரித்துக்கொண்டு வெளியேறுவது இது.

4. பாறையும் பனியும் சேர்ந்து சரிவது. ஏரியும் வேண்டாம், மழையும் வேண்டாம். விழும் பனி உராய்வின் வெப்பத்தில் உருகி, தானே வெள்ளமாகிவிடும்.

இந்த நான்கும் ஒன்றையொன்று தூண்டக்கூடியவை. மழை சரிவை உண்டாக்கும். சரிவு ஆற்றை அடைக்கும். அடைப்பு உடைந்து வெள்ளம் வரும். எனவே ‘காரணம் எது?’ என்று ஒருமையில் கேட்பதே பல நேரங்களில் பிழையான கேள்வி. ‘வரிசை எது?’ என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

1894: பதினொரு மாதம் காத்திருந்த வெள்ளம்

1893 செப்டம்பரில் அலக்நந்தாவின் கிளையாறான பிரஹி கங்காவின் பள்ளத்தாக்கில், கோஹ்னா என்ற சிற்றூருக்கு அருகே, மலையின் ஒரு பக்கமே பெயர்ந்து ஆற்றுக்குள் விழுந்தது. ஏறத்தாழ 270 மீட்டர் உயரத்துக்குக் கல்லும் மண்ணும் குவிந்து ஆற்றை அடைத்தன. பின்னால் நீர் மெல்ல ஏறத் தொடங்கியது.

இடத்தை ஆராய வந்த பொறியாளர் லெஃப்டினன்ட் கர்னல் புல்ஃபோர்டு எடுத்த முடிவு இன்றைக்கும் கவனிக்கத்தக்கது. இவ்வளவு பெரிய குவியலைக் குடைந்தோ வெட்டியோ நீரைக் கட்டுப்பாட்டுடன் வெளியேற்ற முடியாது என்று அவர் கருதினார். உடைப்பைத் தடுக்கும் முயற்சியைக் கைவிட்டு, உடையும்போது கீழே யாரும் இல்லாமல் செய்வதே வேலை என்று திட்டம் வகுக்கப்பட்டது. ஏரி நிரம்பும் வேகத்தைக் கணக்கிட்டு, 1894 ஆகஸ்ட் மாத நடுவில் நீர் வழியத் தொடங்கும் என்று அவர் மதிப்பிட்டார். நீர் வழிந்தது ஆகஸ்ட் 25 அன்று. செயற்கைக்கோளும் கணினியும் இல்லாத காலத்தில், ஏறத்தாழ ஓராண்டுக்கு முன் போட்ட கணக்கு பத்து நாள் வித்தியாசத்தில் பலித்தது சாதாரணமான விஷயம் அன்று.

இடைப்பட்ட மாதங்களில் நடந்த ஏற்பாடுகளில் குறிப்பிடத்தக்கவை:

1. அணையருகே ஓர் அதிகாரி தங்கி நீர்மட்டத்தைக் கண்காணித்தார். அங்கிருந்து கீழே ஹரித்வார் வரை தந்திக் கம்பி இழுக்கப்பட்டது.

2. வெள்ளம் எந்த மட்டத்துக்கு எழக்கூடும் என்று மதிப்பிட்டு, மலைச்சரிவுகளில் இடைவெளி விட்டு அடையாளத் தூண்கள் நடப்பட்டன. தூணுக்கு மேலே ஏறிவிட்டால் பிழைக்கலாம் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் செய்தி.

3. தொங்கு பாலங்கள் சில முன்கூட்டியே கழற்றி வைக்கப்பட்டன; யாத்திரை வழி மாற்றிவிடப்பட்டது.

ஆகஸ்ட் 25 காலையில் நீர் அணையின் விளிம்பைத் தாண்டிக் கசியத் தொடங்கியது. சரிவு அணை உடையும் விதத்தை இங்கே புரிந்துகொள்ளலாம். வழியும் நீர் முதலில் சிறு வாய்க்கால் போல ஒரு பள்ளத்தைக் கீறுகிறது. பள்ளம் ஆழமானதும் அதிக நீர் பாய்கிறது. அதிக நீர் பாய்வதால் பள்ளம் இன்னும் வேகமாக ஆழமாகிறது. காலையில் கசிவாக இருந்தது நள்ளிரவை நெருங்கும்போது பெரும் உடைப்பாகிவிட்டதற்கு இந்தத் தொடர் அரிப்பே காரணம். சில மணி நேரத்துக்குள் ஏரியின் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் இறங்கியது. வெளியேறிய நீர் சுமார் 10,000 மில்லியன் கன அடி, அதாவது 10 டி.எம்.சி. அது சுமார் 4 மணி நேரத்தில் வடிந்தது என்று வைத்துக்கொண்டால், சராசரியாகவே வினாடிக்கு 7 லட்சம் கன அடி அளவில் வருகிறது. உச்சம் அதைவிட அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

கார்வால் அரசர்களின் பழைய தலைநகரான ஸ்ரீநகர் அந்த இரவில் அரண்மனையோடு அழிந்தது. (காஷ்மீரத்து ஸ்ரீநகர் வேறு; இது அலக்நந்தா கரையிலுள்ள ஊர்.) பாலங்களும் சாலைகளும் போயின. உயிரிழந்தவர்கள் ஐந்து பேர் மட்டுமே: ஒரு பக்கீரும் அவர் குடும்பத்தாரும். அவர்களை அணைக்குக் கீழிருந்து வெளியேற்றிய பிறகும் திரும்பி வந்து அங்கேயே தங்கினார்கள் என்பது அக்காலப் பதிவு.

ஸ்ரீநகர் பிறகு மேலேயுள்ள உயரமான திட்டில் புதிதாகக் கட்டப்பட்டது. இந்த இடமாற்றத்தின் பிற்காலக் கதை கீழே வருகிறது.

ஏரி முழுவதும் வடிந்துவிடவில்லை. அடியில் எஞ்சிய நீர் கோஹ்னா தால் என்ற பெயரில் இன்னும் 76 ஆண்டுகள் நின்றது.

1970: நீரைவிட மண் அதிகம் சேதம் செய்தது

1970 ஜூலை 20 அன்று அலக்நந்தாவின் மேற்பகுதியில் பெய்த கனமழை, ஒரே நேரத்தில் பல சரிவுகளைக் கிளப்பியது. பாதாள கங்கா போன்ற கிளையோடைகள் அடைபட்டு உடைந்தன. ஆற்றோரமாகச் சாலையை ஒட்டியிருந்த பேலாகூச்சி என்னும் கடைவீதிக் குடியிருப்பு, அங்கு நின்றிருந்த பேருந்துகளோடு சேர்த்து அடித்துச் செல்லப்பட்டது. 1894-இல் தப்பிய கோஹ்னா தாலும் கல்லும் மண்ணும் நிறைந்து ஏரி என்ற நிலையை இழந்தது.

இந்த வெள்ளத்தின் தனித்தன்மை அது சுமந்து வந்த வண்டலில் இருக்கிறது. மலைப்பகுதியைத் தாண்டி ஹரித்வாரில் தொடங்கும் மேல் கங்கைக் கால்வாய், 1854 முதல் சமவெளிக்குப் பாசனம் தந்துவருவது. அதில் ஏறத்தாழ 10 கி.மீ. நீளத்துக்கு வண்டல் நிரம்பிக் கால்வாயையே மூட வேண்டியதாயிற்று. நூற்றுக்கணக்கான கி.மீ. அப்பால் மலையில் சரிந்த மண், சமவெளி உழவரின் வயலுக்கு வர வேண்டிய நீரை நிறுத்தியது.

வெள்ள அறிக்கைகளில் நாம் கன அடியை மட்டுமே எதிர்பார்க்கிறோம். மலையாறுகளுக்கு அது பாதிக் கணக்குதான். மண் கலந்த நீர் அடர்த்தி மிகுந்தது என்பதால் தெளிந்த நீரால் அசைக்க முடியாத பாறைகளையும் அது நகர்த்தும். வேகம் குறையும் இடத்தில் அந்தச் சுமை ஆற்றின் அடியில் படிந்து, படுகையின் மட்டத்தையே உயர்த்திவிடும். மட்டம் உயர்ந்த பிறகு, அடுத்த ஆண்டு வரும் சாதாரண வெள்ளமும் முன்பு தொடாத வீட்டைத் தொடும். ஒரு வெள்ளத்தின் விளைவு அந்த ஆண்டோடு முடிவதில்லை.

1970 வெள்ளத்துக்குப் பின் மலைவாழ் மக்கள் மேலேயுள்ள சரிவுகளில் மரங்கள் வெட்டப்பட்டதைக் காரணமாகச் சுட்டினார்கள். மரங்களைக் கட்டியணைத்து வெட்டைத் தடுக்க 1973-இல் மண்டல் என்ற ஊரில் தொடங்கிய சிப்கோ இயக்கத்துக்கும், 1974 மார்ச்சில் ரேணி ஊரில் கௌரா தேவியின் தலைமையில் பெண்கள் மரங்களைக் காத்து நின்றதற்கும் இந்த வெள்ள நினைவு ஒரு முக்கியப் பின்னணி. அந்தக் கருத்தில் உண்மை உண்டு. அதற்கு எல்லையும் உண்டு. மர வேர்கள் மேல்மண்ணைப் பிடித்து வைப்பதால் மழையால் வரும் ஆழமற்ற சரிவுகள் குறையும். ஆனால் 1893-இல் கோஹ்னாவில் நடந்ததுபோல மலையின் உட்பாறையே பெயரும்போது, மேலிருந்த காடும் சேர்ந்துதான் விழும். காட்டைக் காப்பாற்றினால் எல்லா வெள்ளமும் நின்றுவிடும் என்பது, எல்லாவற்றையும் மேகவெடிப்பு என்பதைப் போலவே, பாதி உண்மை.

2013: சிறிய ஏரி, பெரிய சாவு

2013 ஜூன் நடுப்பகுதியில் இரண்டு நிகழ்வுகள் ஒன்றாக நேர்ந்தன. அப்போதைய கணக்கின்படி வழக்கமாக ஜூலை நடுவில் இந்தியா முழுவதையும் மூடும் தென்மேற்குப் பருவமழை அந்த ஆண்டு ஜூன் 16-க்குள்ளேயே முழு நாட்டையும் எட்டிவிட்டது. உயரமான சரிவுகளில் குளிர்காலத்துப் பனி அப்போது இன்னும் உருகி முடியவில்லை. அந்தப் பனியின் மேல் மழை பெய்ததும் இரண்டு நீரும் சேர்ந்து இறங்கின. அலக்நந்தாவில் கலக்கும் மந்தாகினியின் தலைப்பகுதியிலுள்ள கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி பனியாற்றருகே இருந்த வாடியா இமயமலை நிலவியல் நிறுவனத்தின் மழைமானி, ஜூன் 15 மாலை முதல் 16 மாலை வரையிலான 24 மணி நேரத்தில் 325 மி.மீ. மழையைப் பதிவுசெய்தது. ஒரு மணிக்கு 100 மி.மீ. என்ற அளவுகோலை நினைவில் கொண்டால், ஒருநாள் முழுவதும் நீண்ட இந்தப் பரவலான மழையை மேகவெடிப்பு என்று சொல்வது பொருந்தாது.

கேதார்நாத் அழிவு இரண்டு கட்டங்களில் வந்தது. ஜூன் 16 மாலை ஓடைகள் பெருகியும் சரிவுகள் இறங்கியும் முதல் வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. 17-ஆம் தேதி காலை, கோயிலுக்குச் சுமார் 2 கி.மீ. மேலே மொரெய்ன் மேட்டுக்குப் பின்னால் நிரம்பியிருந்த சோராபாரி ஏரி உடைந்து, 5 முதல் 10 நிமிடங்களுக்குள் முழுவதும் காலியானது. சில நூறு மீட்டர் நீளமே கொண்ட ஏரி அது. கோஹ்னா ஏரியோடு ஒப்பிட்டால் ஒரு குட்டை. ஆனால் ஏரிக்கும் ஊருக்கும் நடுவே இருந்த தொலைவை வெள்ளம் சில நிமிடங்களில் கடந்துவிட்டது. யாத்திரைக் காலத்தின் உச்சத்தில் ஊர் நிரம்பியிருந்தது. கோயிலுக்குப் பின்னால் வந்து நின்ற ஒரு பெரும்பாறை வெள்ளத்தை இரண்டாகப் பிரித்ததால் கோயில் நின்றது. நடைவழியில் இருந்த ராம்பாரா என்ற தங்குமிடம் இருந்த சுவடே இல்லாமல் போயிற்று. அந்த ஜூன் மாதப் பேரழிவில் மாநிலம் முழுவதும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 4,000-க்கும் மேற்பட்டோர்.

அதே வெள்ளத்தில் பத்ரிநாத் வழியிலுள்ள லாம்பகட் என்னுமிடத்தில் 400 மெகாவாட் விஷ்ணுபிரயாக் நீர்மின் திட்டத்தின் கதவணை பாறைகளால் நிரம்பியது. மதகுகள் அடைபட்டதும் ஆறு பக்கவாட்டில் கரையை அரித்துப் புது வழி தேடிக்கொண்டது. கீழே ஸ்ரீநகரின் தாழ்வான பகுதிகளில் வீடுகளும் அலுவலகங்களும் மீட்டர் கணக்கில் சகதியில் புதைந்தன. அந்தச் சகதியில் ஒரு பகுதி, அருகிலிருந்த நீர்மின் திட்டத்துக்காகத் தோண்டி ஆற்றோரம் குவித்து வைத்த மண்ணிலிருந்து வந்தது என்பதை ஏற்று, 2016 ஆகஸ்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 9.26 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. வெள்ளத்தை உண்டாக்கியது மழை. அது வீட்டுக்குள் கொண்டுவந்து போட்ட மண்ணில் மனிதர் குவித்ததும் இருந்தது. ‘இயற்கையா, மனிதனா’ என்ற விவாதத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் பேசினால்தான் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாகும்.

2021: மழையே இல்லாத வெள்ளம்

2021 பிப்ரவரி 7 காலை, தெளிந்த குளிர்கால வானத்தின் கீழ், ரிஷிகங்காவிலும் அது சென்று சேரும் தௌலிகங்காவிலும் வெள்ளம் வந்தது. உடனே ‘பனிப்பாறை உடைந்தது’, ‘பனியாற்று ஏரி வெடித்தது’ என்று செய்திகள் வந்தன. செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தபோது அங்கே உடையும் அளவுக்குப் பெரிய ஏரி எதுவும் இருந்திருக்கவில்லை. ரோண்டி சிகரத்தின் சரிவில், சுமார் 5,500 மீட்டர் உயரத்திலிருந்து, பாறையும் பனியுமாக ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பொருள் பெயர்ந்து விழுந்திருந்தது. அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு பாறை, ஒரு பங்கு பனி. பள்ளத்தாக்கின் அடியில் மோதி உருண்டபோது எழுந்த வெப்பத்தில் பனி உருகி, நொறுங்கிய பாறையோடு கலந்து சகதி வெள்ளமாயிற்று.

ரேணி அருகே 13.2 மெகாவாட் ரிஷிகங்கா மின்திட்டம் முற்றாக அழிந்தது. அதற்குக் கீழே கட்டப்பட்டுக்கொண்டிருந்த 520 மெகாவாட் தபோவன் விஷ்ணுகட் திட்டத்தின் சுரங்கப்பாதைக்குள் சகதி புகுந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 200-க்கும் மேற்பட்டோர். பெரும்பாலும் இந்த இரு திட்டங்களில் வேலை செய்தவர்கள். சிப்கோவால் அறியப்பட்ட அதே ரேணிதான் இது. மேட்டில் நின்ற ஊர்மக்கள், கீழே ஆற்றுப் படுகையில் இருந்த தொழிலாளர்களை நோக்கிக் கத்தியும் விசிலடித்தும் எச்சரித்த காட்சிகள் கைப்பேசிப் படங்களாகப் பதிவாகியுள்ளன.

வெப்பமாகிவரும் உயரமலைகளில் பாறை இடுக்குகளைப் பிணைத்து வைத்திருக்கும் உறைபனி தளர்கிறது என்பதும், அதனால் இத்தகைய சரிவுகள் கூடக்கூடும் என்பதும் ஏற்கத்தக்க காரணங்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட சரிவைக் காட்டி ‘இது காலநிலை மாற்றத்தால்தான்’ என்று கை நீட்டுவதற்கு அது போதாது. கோஹ்னா மலை 1893-லேயே பெயர்ந்திருக்கிறது.

எழுதப்பட்ட பதிவுகளுக்கு முன்

வெள்ளத்தின்போது ஆற்றின் வளைவுகளிலும் பாறை மறைவுகளிலும் நீர் தேங்கி நிற்கும். அங்கே மென்மணலும் வண்டலும் ஒரு படலமாகப் படியும். அடுத்த பெருவெள்ளம் அதன் மேல் இன்னொரு படலத்தைப் போடும். இந்தப் படலங்களை வெட்டிப் பார்த்து, ஒவ்வொன்றின் காலத்தையும் ஆய்வகத்தில் கணித்து, மேல் கங்கைப் பகுதியின் சுமார் ஆயிரம் ஆண்டு வெள்ள வரலாற்றை ஆய்வாளர்கள் தொகுத்துள்ளனர். படலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதிலிருந்து நீர் குறைந்தபட்சம் எவ்வளவு எழுந்தது என்பதும் தெரியும். ‘நூறாண்டு காணாத வெள்ளம்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் பல வெள்ளங்கள், அந்த மணல் அடுக்குகளில் பலமுறை வந்துபோனவை.

யார் எங்கே குடியிருந்தார்கள்

கார்வாலி மொழியில் ஆற்றோரத்துத் தாழ்ந்த மணல்வெளிக்குப் ‘பகட்’ அல்லது ‘பகர்’ என்று பெயர். லாம்பகட், நாராயண்பகர் என்ற ஊர்ப்பெயர்களிலேயே அச்சொல் இருக்கிறது. பெயரைக் கேட்டாலே அந்த நிலம் எப்போதோ ஆற்றுக்குள் இருந்தது என்று தெரிந்துவிடும். பழைய கிராமங்கள் பெரும்பாலும் இந்த மணல்வெளிகளுக்கு மேலே, சரிவின் நடுவிலுள்ள திட்டுகளில் அமைந்திருந்தன. பெரும் சரிவுகள் எப்போதோ விட்டுச்சென்ற குவியல்களின் மேல் அமைந்தவையும் அவற்றில் உண்டு. 2023 தொடக்கத்தில் வீடுகள் பிளந்து செய்தியில் அடிபட்ட ஜோஷிமட் அத்தகைய பழஞ்சரிவின் மேல் நிற்கும் ஊர்தான். அங்கு பெருங்கட்டுமானம் கூடாது என்று 1976-லேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எச்சரித்திருந்தது. ஆற்றிலிருந்து விலகி இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

1962 சீனப் போருக்குப் பிறகு எல்லைப் பாதுகாப்புக்காகவும் பின்னர் யாத்திரைக்காகவும் வாகனச் சாலைகள் ஆற்றை ஒட்டி விரிந்தன. சாலை எங்கே போகிறதோ அங்கே தேநீர்க்கடையும் விடுதியும் பேருந்து நிறுத்தமும் வரும். பிழைப்பு கீழே இறங்கியதும் குடியிருப்பும் கீழே இறங்கியது. 1970-இல் பேலாகூச்சி அழிந்ததை இந்த மாற்றத்தின் முதல் விளைவுகளில் ஒன்றாகவே நான் பார்க்கிறேன். 1894-க்குப் பின் மேட்டுக்கு மாற்றப்பட்ட ஸ்ரீநகரும் காலப்போக்கில் மீண்டும் தாழ்வான பகுதிகளுக்குப் பரவியது. 2013-இல் சகதியில் புதைந்தவை அந்தப் பகுதிகளே.

மலைச்சரிவில் அகலமான சமநிலம் கிடைப்பதே அரிது. கிடைப்பது பெரும்பாலும் ஆற்றோரத்தில்தான். எனவே ‘ஏன் அங்கே கட்டினார்கள்?’ என்று சமவெளியிலிருந்து கேட்பது எளிது. ஆனால் விடுதியும் மின்நிலையமும் வீட்டைப்போல வேறு வழியின்றிக் கட்டப்படுபவை அல்ல. ஒழுங்குமுறை முதலில் கவனிக்க வேண்டியவை அவையே.

எச்சரிக்கைக்குக் கிடைக்கும் நேரம்

நான்கு வெள்ளங்களையும் அருகருகே வைத்தால், உயிரிழப்பை நிர்ணயித்தவை பின்வருவன என்று தெரிகிறது:

1. தூண்டுதலுக்கும் வெள்ளத்துக்கும் இடைப்பட்ட காலம். கோஹ்னாவில் பதினொரு மாதத்துக்கும் மேல், பாறைச்சரிவில் நிமிடங்கள்.

2. தோற்றுவாய்க்கும் மக்களுக்கும் இடைப்பட்ட தொலைவு. 2013-இல் கேதார்நாத்துக்கு 2 கி.மீ.; 1894-இல் ஸ்ரீநகருக்கு அதைப்போலப் பல மடங்கு.

3. அந்த நாளில், அந்த நேரத்தில் ஆற்றுமட்டத்துக்கு அருகே எத்தனை பேர் இருந்தார்கள் என்பது.

முதல் இரண்டையும் மனிதர் மாற்ற முடியாது. சரிவு அணையாக இருந்தால் மட்டும் காலம் ஓரளவு கிடைக்கும். ஏரி நிரம்புவதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்கலாம். 2021 சரிவுக்குப் பின் ரிஷிகங்காவின் குறுக்கே குவிந்த கற்களுக்குப் பின்னால் ஓர் ஏரி உருவானபோது, சில நாட்களுக்குள்ளேயே அதைக் கண்டறிந்து, ஆட்களை அனுப்பி ஆழத்தை அளந்து, வடியும் வாயை அகலப்படுத்தினார்கள். ஏரியைக் கண்காணித்தது கோஹ்னாவில் செய்த வேலைதான், வேறு கருவிகளோடு; வாயை வெட்டியது மட்டும் அங்கே முடியாது என்று கைவிடப்பட்ட வழி.

பாறைச்சரிவுக்கு இந்த வழி கிடையாது. அங்கே சாத்தியமானது, மேலே நீர்மட்டம் திடீரென ஏறியதும் கீழே சைரன் ஒலிக்கும் ஏற்பாடு. மாநிலப் பேரிடர் மீட்புப் படை 2021 பேரழிவுக்குப் பின் ரேணிப் பகுதியில் அத்தகைய கருவிகளை வைத்தது. அவற்றால் தபோவனில் இருப்பவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். படுகையில் நிற்பவர் மேட்டுக்கு ஓடிவிட அது போதலாம். ஆற்றுமட்டத்துக்குக் கீழே, சுரங்கப்பாதையின் உள்ளே வெகுதூரம் சென்றவர் வாசலுக்கு வந்து சேர அது போதாது.